நாலு அங்குலம் லூஸ்

என் வீட்டுக்காரர் எடுத்த அளவுக்கு மறுபேச்சுக் கிடையாது. முப்பது வருடத் தையல்காரர். எதிரே ஆள் நடந்து வரும்போதே இடுப்பு எத்தனை, தோள் எத்தனை என்று மனதுக்குள் எழுதிவிடுவார். முதன்முதலாக என்னைச் சந்தித்த அன்றுகூட முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, என் சட்டையின் இடது கை வலது கையைவிட அரை அங்குலம் இறக்கம் என்பதைப் பார்த்துவிட்டார். கல்யாணமாகி ஒரு வாரம் கழித்து, "அதை எந்தப் படுபாவி தைச்சான்?" என்று கேட்டார்கூட. தைத்த படுபாவி நான்தான். அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட மனிதர்தான் என் நிலத்துக்கு நாலு அங்குலத்தில் ஆப்பு வைத்தார்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மா எனக்கு எழுதிவைத்தது ஒன்றரை ஏக்கர். அதை ஒட்டியே அண்ணனுக்கு ஐந்து ஏக்கர். அம்மா போனதும், "சும்மாதானே கிடக்கு, நான் பார்த்துக்கறேன்" என்றார் அண்ணன். பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்த பார்வையில் நடுவில் இருந்த வரப்பு முதலில் மெலிந்தது, பிறகு இளைத்தது, ஒருநாள் காணாமலே போய்விட்டது. இரண்டு முனையிலும் இருந்த எல்லைக்கற்கள் மட்டும் கல்லாக இருந்ததால் தப்பித்தன. அண்ணன் கெட்டவர் இல்லை. அடுத்தவர் நிலத்தில் ஒரு புல்லைக்கூடக் கிள்ளமாட்டார். நான் அடுத்தவள் இல்லை, தங்கை. அதுதான் பிரச்சினை.

போன மாதம் அண்ணன் ஒரு பேண்ட்டுக்கு இடுப்பைப் பிரித்துவிட வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்தார். நான் மூலையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, கேட்டே விட்டேன்.

"அண்ணே, இந்தத் தடவை என் நிலத்தை நானே உழுதுக்கறேன்."

கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். அண்ணனுக்கு நாலு பேர் கிடைத்தால் போதும், பேச்சு தானாக மேடை ஏறிவிடும்.

"எதை வெச்சும்மா உழுவ? ஊசியை வெச்சா?"

நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது.

"எதை வெச்சு உழுதா உனக்கென்ன? உழுதா போதுமில்ல?"

"சரி, இப்பவே சொல்லிடறேன். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு என் வண்டி அந்தப் பக்கம் இறங்கும். அதுக்குள்ள நீ முழுசா உழுது முடிச்சிருந்தா, நான் அந்த மண்ணுல காலே வைக்கமாட்டேன். முடிக்கலன்னா, நிலம் நிலம்னு இனிமே எங்கிட்ட வரக்கூடாது. நாலு பேர் முன்னாடி சொல்றேன், பார்த்துக்க."

அண்ணனிடம் ஒரே ஒரு நல்ல குணம் உண்டு. நாலு பேர் முன்னால் சொன்னதை மாற்றமாட்டார். மாற்றினால் அந்த நாலு பேரைப் பார்த்துப் பேசுவதற்கு வேறு நாலு பேர் தேட வேண்டுமே.

அவ்வளவு தைரியமாக அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. என் நிலத்துக்குள் போக இரண்டே வழி. ஒன்று அவர் நிலத்தின் வழியாக, அது கிடையாது. மற்றது பின்பக்கச் சந்து. ஒரு பக்கம் கருங்கல் சுவர், மறுபக்கம் அவருடைய மோட்டார் அறை, இரண்டுக்கும் நடுவில் ஆடு போகும், மாடு போகும், டிராக்டர் போகாது. மறுநாளே என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் அளந்தேன். அவர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவிச் சுவரோடு வைத்து நீட்டினார். தையல் டேப்பின் நீளமே அறுபது அங்குலம்தான். டேப் முடிந்த இடத்தில் மோட்டார் அறையின் சுவர் ஆரம்பித்தது.

"அறுபது. நூல் பிடிச்ச மாதிரி அறுபது" என்றார், அந்தச் சந்தை யாரோ அவருக்காகவே வெட்டித் தைத்தது போன்ற மகிழ்ச்சியோடு.

வாடகைக்கு வரும் டிராக்டர்கள் எல்லாமே ஆறடிக்குக் குறையாது. மண்வெட்டியால் ஒன்றரை ஏக்கரைக் கொத்தினால் ஞாயிறு வரும், எந்த ஞாயிறு என்று தெரியாது. அப்போதுதான் நர்சரிக்காரர் கொட்டகையில் ஒரு குட்டி டிராக்டர் நிற்பது நினைவுக்கு வந்தது. வயதில் என் வீட்டுக்காரருக்கு மூத்தது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கிறது. நாற்றுத் தொட்டிகளுக்கு நடுவே ஓட்டுவதற்காக வாங்கியதாம், நர்சரி மூடியபின் அதன்மேல் கோழி படுத்துக்கொண்டிருந்தது. கோழியைக் கிளப்பிவிட்டு அளந்தோம். டயரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு ஐம்பத்துநாலு அங்குலம்.

"பக்கத்துக்கு மூணு அங்குலம் மிச்சம்" என்றேன்.

"பிடிக்காது, தொளதொளன்னும் இருக்காது" என்றார் அவர்.

பழைய இரும்பு விலைக்கே வாங்கிய அந்த வண்டிக்கு நான் மாமனார் என்று பேர் வைத்தேன். என் நிஜ மாமனாரும் இப்படித்தான். காலையில் கால் மணி நேரம் இருமினால்தான் குரலே வரும். தோன்றினால் எழுந்திருப்பார், தோன்றாவிட்டால் தெருவே கூடித் தள்ளினாலும் அசையமாட்டார். பேர் வைத்ததில் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் நாலு நாள் நான் ஓட்டிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, "அப்பாவே பரவாயில்லை" என்று ஒத்துக்கொண்டார்.

இனி கலப்பை. கடைகளில் இருந்த கலப்பைகள் எல்லாம் பெரிய வண்டிகளுக்கானவை. அதில் ஒன்றை மாட்டினால் மாமனார் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு கும்பிடு போட்டபடி நிற்பார். அதனால் பட்டறைக்காரரிடம் போனோம். அவருக்கு ஊரில் நெற்றிக்கண் என்று பேர். வெல்டிங் கண்ணாடியை எப்போதும் நெற்றியில்தான் வைத்திருப்பார், கண்ணுக்கு இறக்கி யாரும் பார்த்ததில்லை. அவர் பழைய இரும்புக் குவியலைக் காலால் கிளறி, ஒரு பழைய கலப்பையின் அடிப்பாகத்தை வெளியே இழுத்தார். ஒற்றைக் கொழு. பன்னிரண்டு அங்குல அகலத்துக்கு மண்ணை வெட்டும். கொழுவுக்கு மேலே வளைந்த இரும்புப் பலகை. வெட்டிய மண்ணை அது வலப்பக்கமாகப் புரட்டிப் போடும்.

"ரெண்டு கொழுவா செஞ்சு தரட்டுமாக்கா? பார்க்க கம்பீரமா இருக்கும்."

"மாமனார் இழுப்பாரா?"

"இழுக்கமாட்டார். ஆனா கம்பீரமா இருக்கும்."

"ஒண்ணே போதும்."

"அப்போ இதுக்கு ஒரு சட்டம் அடிச்சு உங்க வண்டியோட பின்கைகள்ல மாட்டிடலாம். ஒரே ஒரு அளவு வேணும். முதல் சால் ஓட்டினதுக்கு அப்புறம், வண்டியோட வலது சக்கரம் அந்தச் சால் பள்ளத்துல இறங்கித்தான் ஓடும், தெரியுமில்ல? அதனால வலது டயரோட உள்விளிம்பு எங்க இருக்கோ, கொழுவோட வலது நுனி சரியா அங்க இருக்கணும். வண்டியோட நடு மையத்துலேர்ந்து டயர் உள்விளிம்பு வரைக்கும் எவ்வளவுன்னு டைலரை அளந்து எழுதித் தரச் சொல்லுங்க. அவர் அளந்தா நான் மறுபடி அளக்க வேண்டியதில்லை."

கடைசி வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரர் மாமனாருக்குப் பின்னால் மண்டியிட்டு, மையத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, டேப்பை நீட்டி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கடையின் பில் தாளில் எழுதி, கிழித்து, நாலாக மடித்துக் கொடுத்தார். நெற்றிக்கண் அதைப் பிரித்துப் பார்த்து வேலையை ஆரம்பித்தார். கலப்பை வெள்ளிக்கிழமை சாயங்காலம் தயாரானது. கறுப்புப் பெயிண்ட் காய்வதற்குள் நான் மூன்று தடவை தொட்டுப் பார்த்து விரலைக் கறுப்பாக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சந்துக்குள் நுழைந்தேன். என் வீட்டுக்காரர் முன்னால் பின்பக்கமாகவே நடந்து, "லெஃப்ட், லெஃப்ட், போதும், நூல் அளவு ரைட்" என்று வழி காட்டினார். மோட்டார் அறைச் சுவர் என் முழங்கையைத் தடவிக்கொடுத்து அனுப்பியது. உள்ளே போனால், எல்லைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஃபிளாஸ்க் வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். சினிமா பார்க்க வந்தவர் மாதிரி காலை நீட்டியிருந்தார்.

முதல் சால் பிரமாதமாக வந்தது. கலப்பையை இறக்கினேன், கொழு மண்ணுக்குள் போனது, பலகைமேல் ஏறிய மண் சுருண்டு வலப்பக்கம் விழுந்தது. பின்னால் நடந்து வந்த நெற்றிக்கண், "அக்கா, சூப்பர்!" என்று கத்தினார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் டீயைப் பார்த்தார்.

இரண்டாவது சாலில் குட்டு உடைந்தது. வலது சக்கரம் சாலில் இறங்கியதும் வண்டியின் மூக்கு வலப்பக்கமாகத் திரும்பியது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துப் பிடித்தேன், இரண்டு தோளும் கழன்றுவிடும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால், கொழுவின் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே உழுத சாலில் காற்றை உழுதுகொண்டிருந்தது. மிச்சம்தான் மண்ணைக் கிள்ளியது. நாலாவது சாலில் கலப்பை வெறுத்துப்போய் மண்ணை விட்டு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் ஓட்டிய சால்களைத் திரும்பிப் பார்த்தேன். குடிகாரன் வீடு திரும்பிய பாதை மாதிரி இருந்தன.

"மாப்ள!" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "கோடு போட்டுத் தைக்கமாட்டீங்களா?"

 நெற்றிக்கண் இரும்பு டேப்பை எடுத்து, வண்டிக்கு அடியில் குனிந்து, மையத்திலிருந்து டயரின் உள்விளிம்புக்கு அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தப் பில் தாளை எடுத்துப் பிரித்தார்.

"டைலர், இங்க பதினெட்டு இருக்கு. நீ எழுதினது இருபத்திரண்டு."

"பதினெட்டுதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்போ இருபத்திரண்டு?"

"பதினெட்டு அளவு." கழுத்து டேப்பைச் சரிசெய்துகொண்டார். "நாலு அங்குலம் லூஸ்."

"எதுக்குய்யா லூஸ்?"

"உட்கார்ந்து எந்திரிக்கிறப்போ பிடிக்கக்கூடாதில்ல."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. விஷயம் இதுதான். பல வருடங்களுக்கு முன் எங்கள் கடையில் இருந்த கட்டிங் மாஸ்டர், மார்பு முப்பத்தாறு என்று எழுதிக் கொடுத்தால் துணியையும் முப்பத்தாறுக்கே வெட்டுகிற ஆள். அவர் வெட்டிய சட்டையைப் போட்டவர்கள் மூச்சு விட்டால் பட்டன் தெறித்து எதிராளி கண்ணில் படும். அதிலிருந்து என் வீட்டுக்காரர் அளவெடுக்கும்போதே லூஸைச் சேர்த்து எழுதுகிற பழக்கத்துக்கு வந்துவிட்டார். மாஸ்டர் போய்ப் பல வருடமாயிற்று. பழக்கம் போகவில்லை. கண் பதினெட்டைப் பார்த்தது, கை இருபத்திரண்டை எழுதியது, நடுவில் மூளை எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள்.

"பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் நாலு அங்குலம் உள்ளே தள்ளி வெல்டு வெச்சிடலாமே" என்றேன்.

"எங்க தெருவுல லைன் வேலை நடக்குதுக்கா" என்றார் நெற்றிக்கண். "சனி, ஞாயிறு ரெண்டு நாளும் கரண்ட் இல்லை. திங்கக்கிழமை முதல் வேலையா செஞ்சு தர்றேன்."

திங்கட்கிழமை. பதினொரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்து, ஒருநாள் வாயைத் திறந்து கேட்டு, நாலு நாள் ஓட்டிப் பழகி, கைத்தோல் உரிந்து, கடைசியில் ஒரு தையல்காரரின் நாலு அங்குலத் தாராள மனசால் என் நிலம் போகப்போகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, லூஸும் இல்லை.

"ஏங்க, டிராக்டர் என்ன சம்மணம் போட்டா உட்காரப்போகுது? அதுக்கு அக்குள்ல பிடிக்குமா? தொடையில பிடிக்குமா? முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் லூஸ் விட்டீங்க, எனக்கு மட்டும் எதையாவது விட்டீங்களா? இப்ப என்ன செய்யப்போறீங்க? உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம், கிழிஞ்ச காலரைப் பிரிச்சுத் திருப்பித் தைக்கிறதுதானே? வாங்க, இந்த வண்டியையும் திருப்பித் தைங்க!"

நான் கத்தியது அண்ணனுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். ஃபிளாஸ்க்கைத் திறந்து இன்னொரு கப் ஊற்றிக்கொண்டார்.

 சண்டையில் என் வீட்டுக்காரர் பதில் சொல்வதே இல்லை, அது ஒரு தனிக் கொடுமை. ஆனால் இந்தத் தடவை அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, வலது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் முன்னால் போய்க் குத்தவைத்து, சக்கரத்தின் நடுத்தகட்டை உள்ளங்கையால் தடவினார். அந்தத் தகடு தட்டையாக இல்லை. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்த மாதிரி நடுவில் வெளியே புடைத்திருந்தது. அந்தப் புடைப்பால் டயர் மொத்தமும் வண்டியின் உள்பக்கமாகத் தள்ளி நின்றது.

"இது உள்பக்கமா மடிச்சிருக்கு" என்றார்.

"என்ன மடிச்சிருக்கு?"

"காலர்." டேப்பை எடுத்துப் புடைப்பின் உயரத்தை அளந்தார். "ரெண்டு அங்குலம் உள்ளே. இதையே வெளிப்பக்கமா திருப்பிப் போட்டா ரெண்டு அங்குலம் வெளியே. உள்ள ரெண்டு, வெளிய ரெண்டு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நாலு. கலப்பையைத் தொட வேணாம். வண்டிக்கு லூஸ் விட்டுடலாம்."

நெற்றிக்கண் வாயைப் பிளந்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி முதன்முறையாகக் கண்மேல் விழுந்தது. திட்டின வாயாலேயே என் புருஷனை அங்கேயே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டேன்.

வண்டியின் அச்சை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து நிறுத்தினோம். ஒரு சக்கரத்துக்கு ஆறு நட்டு. ஆறும் துருப்பிடித்துத் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினோம், சுத்தியலால் தட்டினோம், நெற்றிக்கண் அந்த நட்டுகளின் தாய், தகப்பன், பாட்டன்வரை பெயர் சொல்லி அழைத்தார். முதல் நட்டு அசைய முக்கால் மணி நேரம் ஆனது. அதன்பிறகு மற்றவை பயந்துபோய் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன.

வலது சக்கரத்தைக் கழற்றி, அங்கேயே திருப்பி, வலப்பக்கத்திலேயே மாட்டிவிட்டார் நெற்றிக்கண். நட்டை முறுக்கப் போனபோது என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பூ தலைகீழா இருக்கு."

"என்ன பூ?"

"பூப்போட்ட துணியில ஒரு பக்கத்தைத் தலைகீழா வெட்டிட்டா பூ கீழ்நோக்கித் தொங்குமில்ல? டயரைப் பாரு. அம்பு மாதிரி மேடு இருக்கே, அந்தப் பக்கம் முன்னால பார்க்குது, இந்தப் பக்கம் பின்னால பார்க்குது. மண்ணைப் பிடிக்காது, வழுக்கிட்டுப் போகும். இடதை வலதுல போடு, வலதை இடதுல போடு. காலரும் திரும்பும், பூவும் நேரா நிக்கும்."

நெற்றிக்கண் சக்கரத்தைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "டைலர், நீ பட்டறைக்கு வந்துடேன். நான் வேணா பட்டன் தைக்கறேன்."

சக்கரம் இரண்டையும் உருட்டிப் பக்கம் மாற்றினோம். அது எழுதும்போது ஒரு வரிதான், உருட்டும்போது இரண்டு மனித முதுகு. எல்லாம் முடிந்து வண்டியைக் கீழே இறக்கியபோது மணி இரண்டு. மையத்திலிருந்து டயரின் உள்விளிம்புவரை நெற்றிக்கண் அளந்தார், இந்தத் தடவை அவரே. இருபத்திரண்டு.

"லூஸ் சேர்த்தா, சேர்க்காமலா?" என்றேன்.

"உடம்பு அளவுதான்க்கா" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். மாமனார் இருமினார், கனைத்தார், எழுந்தார். கோணல் சால்களை விட்டுத் தள்ளிப் புதிதாக ஒன்றைப் போட்டு, அடுத்த சாலில் வலது சக்கரத்தை இறக்கினேன். வண்டியின் மூக்கு திரும்பவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு விரலில் பிடித்தாலும் நேராகப் போனது. கொழு முழுசாகப் பன்னிரண்டு அங்குலத்தையும் வெட்டியது, பலகை அதை முழுசாகப் புரட்டியது, புரண்ட மண் முந்தைய சாலில் போய் அப்படியே படுத்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று சொன்னால் பாதிதான் உண்மை, மீதிப் பாதி இடுப்பு வலி.

இருட்டும்வரை ஓட்டினேன். ஞாயிறு விடிந்ததும் மறுபடி ஆரம்பித்தேன். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் வரப்பு இல்லாததால், என் வீட்டுக்காரர் இந்த எல்லைக்கல்லிலிருந்து அந்த எல்லைக்கல்வரை தைக்கிற நூலை இழுத்துக் கட்டிவைத்தார். வெள்ளை நூல், நாற்பதாம் நம்பர். போதாமல் மூன்று கண்டு செலவானது.

"இதுக்கு லூஸ் விட்டீங்களா?" என்று வண்டியிலிருந்தே கேட்டேன்.

"இல்லையே."

"இதுக்குத்தான் விட்டிருக்கணும்!"

பதினொன்றரை மணிக்கு அண்ணனின் பெரிய டிராக்டர் எல்லைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. கூடவே கடையில் இருந்த அதே நாலு பேர். நாற்காலி ஒன்றுதான் இருந்ததால் நாலு பேரும் நின்றார்கள். எனக்கு இன்னும் மூன்று சால் பாக்கி. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நடுவில் மாமனார் ஒருதடவை இருமி, நின்றுவிடப் போவதுபோல் மிரட்டினார். "சாயங்காலம் எவ்வளவு வேணாலும் இருமுங்க, இப்ப நடங்க" என்று அதட்டினேன். நடந்தார். கடைசிச் சாலை நூலை ஒட்டி ஓட்டி முடித்துக் கலப்பையைத் தூக்கியபோது பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருந்தது. வெள்ளை நூல் அறுபடாமல் அப்படியே இருந்தது.

நாலு பேரில் ஒருவர் கை தட்டிவிட்டார். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் கொசுவை அடித்ததுபோல் பாவனை செய்தார்.

"சரி, உழுதுட்ட" என்றார் அண்ணன். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் சொன்னா சொன்னதுதான். உன் மண்ணை நீ வெச்சுக்க. ஆனா வண்டியை இப்பவே வெளிய எடுத்துடு. பின்பக்கச் சந்துல நாளைக்குக் கேட் போட்டுப் பூட்டப்போறேன். அப்புறம் வண்டி உள்ள மாட்டிக்கிச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. உறைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"வண்டி வெளிய போகாதுண்ணே."

"ஏன் போகாது? உள்ள வந்துச்சில்ல?"

"என்னங்க, அண்ணனுக்கு அளந்து காட்டுங்க."

என் வீட்டுக்காரர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். இடது டயரின் வெளி விளிம்பில் ஒரு முனையை நெற்றிக்கண்ணிடம் பிடிக்கக் கொடுத்து, மறுமுனையை வலது டயரை நோக்கி இழுத்தார். டேப் தீர்ந்துவிட்டது. டயர் தீரவில்லை. இன்னும் இரண்டு அங்குலம் ரப்பர் வெளியே இருந்தது.

"அறுபத்திரண்டு மச்சான்" என்றார் மிகப் பணிவாக. "சந்து அறுபது."

"சக்கரத்தைப் பழையபடி மாத்திட்டு எடுத்துட்டுப் போங்க!"

"எதுக்கு மாத்தணும்?" என்றேன். "கலப்பைக்கு இதுதான் அளவு. வண்டி இங்கயே நிக்கும். மழைக்கு ஒரு கொட்டகை போட்டுடறேன். நானும் காலையில வந்து சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். நீ கேட் போட்டுக்க, நான் அதுல நடந்து வர்றதுக்கு மட்டும் ஒரு சாவி குடு."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. சின்ன வயதில் என் பங்கு மிட்டாயையும் தின்றுவிட்டு மாட்டிக்கொண்டபோது இதே முகம்தான். என்னிடம் நேரில் வந்து நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு விறுவிறுவென நடந்து வந்தார். நூலைத் தாண்ட வலது காலைத் தூக்கினார்.

"மச்சான், கால்" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தப் பக்கம் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கிய காலோடு அண்ணன் அப்படியே நின்றார்.